கூப்பிடு தூரம்

கதிர்காமத்துக்கு நடந்து போகிற வழியில் எல்லாரும் சாமிதான். பொத்துவிலில் பஸ்ஸை விட்டிறங்கி மூட்டையைத் தலையில் ஏற்றியதிலிருந்து வேலாயி தன் புருஷனையும் அப்படித்தான் கூப்பிட்டாள். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் "இந்தாங்க" என்பதற்கு மேல் அவனிடம் ஒரு வார்த்தை வாயில் வராது. இங்கே என்னடாவென்றால், "சாமி, மெதுவாப் போங்க, முள்ளு குத்துது" என்று அதட்டவே முடிந்தது. ஆண்டியப்பனும் "வாங்க சாமி" என்றான். கல்யாணமான நாளாய் அவன் கொடுத்த முதல் மரியாதை! அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முருகன் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவள் வந்தது கடலைப் பார்க்கத்தான். இந்த நாடும் இந்தியாவும் தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் வந்ததிலிருந்து தோட்டமெல்லாம் அதே பேச்சு, யார் இந்தியாவுக்குப் போவது, யார் இருப்பது என்று. மகள் லெட்சுமியும் மருமகனும் இங்கேயே இருக்கப் போகிறார்கள். ஆண்டியப்பனோ ஊருக்குப் போயே தீருவதென்று ஒற்றைக்காலில் நின்றான். "அழுவாத. அக்கரைதானே, கூப்பிடு தூரம்" என்று சமாதானம் வேறு. லெட்சுமியின் லயம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. இவள் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் அவள் கையில் சட்டியோடு எட்டிப் பார்ப்பாள். வேலாயிக்குத் தெரிந்த அக்கரை அதுதான். கடல் எவ்வளவு அகலம் என்று ஒருதரம் பார்த்துவிட்டால் மனசு ஆறும்.

ஒகந்தைக் கோயிலுக்கு முன்னால், முட்புதர் தாண்டியதும், இறம்பொடை அருவி மாதிரி இரைச்சல் கேட்டது. மணல்மேட்டில் கால் புதையப் புதைய ஏறினாள். யம்மாடி! கரும்பாறைகளில் தண்ணீர் மோதி ஆள் உயரத்துக்கு எழும்பியது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினாள். ஒரு மலை, ஒரு மரம், ஒரு அடுப்புப் புகை? எதுவுமே இல்லை.

"அக்கரை எங்க சாமி?"

ஆண்டியப்பன் தலையைச் சொறிந்தான். "நம்ம ஊரு இந்தப் பக்கம் இல்ல போலிருக்கு. அது வடக்க."

"அங்கயும் இப்படித்தான் இருக்குமா?"

"எனக்கெப்படித் தெரியும்? கப்பல்ல வந்தப்ப ஆத்தா மடியில தூங்கிட்டேனாம்."

அடப்பாவி, இவனும் இப்போதுதான் கடலைப் பார்க்கிறான்! வேலாயிக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பின்னாலேயே பயம் வந்தது.

"சாமி, அந்தக் கடைசிப் பாறை வரைக்கும் போங்க. நான் இங்கருந்து கூப்பிடுறேன்."

"எதுக்கு?"

"போங்களேன்."

சாமி சொல்லை எப்படித் தட்டுவது? மூட்டையை இறக்கிவைத்துவிட்டுப் போனான். பாசியில் வழுக்கி, கையூன்றி எழுந்து, போகப் போகச் சிறுத்தான். முகம் போய்விட்டது, காவி வேட்டி மட்டும் தெரிந்தது. மகளைக் கூப்பிடும் அதே குரலில், அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். "லெட்சுமீ..." அலை வந்து அடித்தது. மறுபடியும் கூப்பிட்டாள். அவன் காதில் கையைக் குவித்துக்கொண்டு நின்றான்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். "ஒண்ணும் கேக்கல. என்னான்னு கூப்பிட்டீங்க, சாமி?"

"லெட்சுமியத்தான்."

கூட வந்தவர்கள் வெகுதூரம் போய்விட்டிருந்தார்கள். மூட்டையைத் தூக்கக் குனிந்தவன் அப்படியே அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். கடல் பக்கம் திரும்பினான். பிறகு வாயருகே இரு கையையும் குவித்து, மகள் பெயரைத் தானும் ஒருதரம் கூப்பிட்டுப் பார்த்தான்.