ஒன்பது வினாடி

கணவனின் அண்ணன், வீட்டுமனைத் தரகர், கைப்பேசியைச் சாப்பாட்டு மேசை நடுவில் நிறுத்திவைத்து அந்த வீடியோவை ஆறாவது முறையாக ஓட்டினார். காலைப் பணி முடிந்து வந்தவள் கண்டக்டர் சீருடையைக்கூட இன்னும் மாற்றவில்லை. தட்டில் வைத்த கை வைத்தபடி, தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இறங்குய்யா. இறங்குன்னா இறங்கு. உன் மூஞ்சிக்கு பஸ் ஒரு கேடு."

மொத்தம் ஒன்பது வினாடி. அவளுடைய திறந்த வாய் இருந்தது, நீட்டிய விரல் இருந்தது. அதற்கு முந்தைய பத்து நிமிடம் இல்லை. நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தியின் மேல் அந்த ஆள் கூட்டத்தைச் சாக்கு வைத்து விழுந்து விழுந்து நின்றதும், அவள் நகர நகர அவனும் நகர்ந்ததும், கடைசியில் அந்தப் பெண் கம்பியைப் பிடித்தபடி சத்தமில்லாமல் அழுததும் படம் பிடித்தவனுக்குத் தேவைப்படவில்லை.

"நாலு பேர் பார்க்கிற குடும்பம்மா இது," என்றார் தரகர். "பொம்பளை வாய் இப்படியா தெருவுக்கு வரும்?"

நாலு பேர் இல்லை, நாற்பது லட்சம் பேர் பார்த்துவிட்டிருந்தார்கள். அவள் நடந்ததைச் சொன்னாள். ஆம்பளைன்னா முன்னே பின்னேதான் இருப்பான், நீ பார்க்காத மாதிரி டிக்கெட்டைக் கிழிச்சிருக்கலாமே என்றாள் மாமியார். கணவன், வெல்டிங் பட்டறையில் தன்னை 'இறங்கு புருஷன்' என்று கூப்பிடுகிறார்கள் என்பதை மட்டும் முனகினான். எல்லாருமாகக் கூடி, அவள் மன்னிப்பு கேட்டு ஒரு வீடியோ போட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். தரகர் வசனமும் எழுதிக் கொடுத்தார். அவள் பேச மறுத்தாள். அன்றிலிருந்து வீட்டில் யாரும் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை.

'இறங்கு' என்ற வார்த்தை மட்டும் அவளைக் கேட்காமல் ஊர் சுற்றியது. அதற்குத் தாளம் சேர்த்துப் பாட்டாக்கினார்கள். பூங்காவில் சறுக்குமரத்தின் உச்சியில் நின்ற குழந்தையிடம் கீழேயிருந்த குழந்தைகள் விரலை நீட்டின. டிப்போவிலிருந்து கடிதம் வந்தது: பயணியிடம் மரியாதைக் குறைவு, விசாரணை உண்டு.

அந்த நேரம் பார்த்துத் தேர்தலும் வந்தது. எதிர்க்கட்சி அவள் முகத்தைச் சுவர் சுவராக ஒட்டி, பதவியில் இருந்தவரைப் பார்த்து 'இறங்கு' என்றது. தரகரின் நாக்கு ஒரே நாளில் புரண்டது. அந்தக் கட்சியில் வார்டு பொறுப்பு ஒன்று அவருக்குக் கிடைக்கும் போலிருந்தது. எங்க வீட்டு மருமக சின்ன வயசிலேர்ந்தே அப்படித்தான், பயமே கிடையாது என்று, அவளைக் கல்யாணத்தன்றுதான் முதன்முதலாகப் பார்த்த மனுஷன் பேட்டி கொடுத்தார். மாமியார் புதுச்சேலையில் பக்கத்தில் நின்றாள். எதிர்க்கட்சி அவளை மேடைக்குக் கூப்பிட்டது. கட்சிக் கூட்டமில்லை, வெறும் பாராட்டு விழாதான் என்று அவளிடம் சொல்லி, அவளுக்காக வீட்டாரே சம்மதமும் சொல்லிவிட்டார்கள். அங்கேயாவது முழுசாகச் சொல்லலாம் என்று அவளும் போனாள்.

மேடையில் கட்சிச் செயலாளர் காதோரம் குனிந்தார். "ஒரே ஒரு வார்த்தை தங்கச்சி. விரலை நீட்டிச் சொல்லிட்டு உட்கார்ந்துடுங்க."

அவள் மைக்கை வாங்கினாள். "அன்னைக்கு பஸ்ல ஒரு பொண்ணு அழுதுகிட்டே நின்னா."

முன்வரிசைப் பெண்கள் சிலர் தூக்கிய கைப்பேசியைக் கீழே இறக்கினார்கள். பின்னாலிருந்து யாரோ, டயலாக்கைச் சொல்லுக்கா என்றான். கூட்டம் சிரித்தது. அவள் நிறுத்தவில்லை.

"பஸ்ல அறுபது பேர் இருந்தாங்க. எல்லாரும் பார்த்துகிட்டுதான் இருந்தாங்க. எல்லார் கையிலயும் போன் இருந்துச்சு. ஒருத்தராவது அவனை..."

மைக் செத்தது. உடனே பாட்டு கிளம்பியது.

சாயங்காலத்துக்குள், சத்தமில்லாமல் அசையும் அவள் வாய்க்கு ஆளுங்கட்சிக்காரர்கள் ஆட்டின் கத்தலைச் சேர்த்துப் பரப்பினார்கள். அவள் விலைபோய்விட்டாள் என்றது எதிர்க்கட்சி. மறுநாள் இரண்டு கட்சியும், பெண்மையைப் போற்றுவோம் என்று தனித்தனியாக அறிக்கை விட்டன. தரகர், அவ என் தம்பி பொண்டாட்டி, எனக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்.

அடுத்த வாரம் டிப்போவில் விசாரணை. அதிகாரி அவளை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு படிவத்தை நீட்டினார். பெயர், பணி எண், வழித்தடம் என்று நிரப்பிக்கொண்டே வந்தவள் ஐந்தாவது கேள்வியில் நின்றாள். 'பயணியை இறக்கிவிட்டதற்கான காரணம்.'

இரண்டு முறை படித்தாள். இத்தனை நாளில் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டது அந்த அச்சடித்த தாள் ஒன்றுதான். அதுவும் தண்டனை கொடுக்க வந்த தாள். பதிலுக்கு விட்டிருந்தது அரை வரி இடம்.

"கோபத்துல தவறிட்டேன்னு எழுதுங்கம்மா," என்றார் அதிகாரி, கொஞ்சம் இரக்கத்தோடுதான். "ஒரு எச்சரிக்கையோட முடிச்சிடலாம்."

"இடம் பத்தாது சார்," என்றாள். "இன்னும் நாலு தாள் கொடுங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, காலை எட்டு பத்துக்கு என்று எழுத ஆரம்பித்தாள்.