பிரிக்காத பெட்டி

பவதாரிணி இறந்த பதினேழாம் நாள் காலை ஆறேகால் மணிக்கு, திருநகரில் அவளும் புருஷன் அழகுபாண்டியும் குடியிருந்த வாடகை வீட்டு அலமாரியில் இருந்த நூற்றுப் பதினாறு வீடியோ கேம் கேசட்டுகளும் மூச்சு விடத் தொடங்கின. முந்தின நாள்தான் காரியம் முடிந்து, வாடகைக்கு எடுத்த அண்டாவும் ஜமுக்காளமும் திரும்பிப் போயிருந்தன. மாடியில் இருந்த வீட்டுக்காரம்மா ஜெயக்கொடி சத்தம் கேட்டு இறங்கி வந்து, "தம்பி, சிலிண்டர் லீக்காகுதா?" என்றாள். கேஸ் கம்பெனி ஆள் வந்து ரெகுலேட்டரில் சோப்புநுரை தடவிப் பார்த்தான். குமிழி வரவில்லை. அலமாரியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இது கேஸ் இல்லக்கா, மூச்சு. இதுக்கு நாங்க வர்றதில்ல" என்று சொல்லி, வந்து போனதற்கு நூற்று எழுபது ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். மூச்சில் லேசாகச் சூடமிட்டாய் வாசம் இருந்தது. சித்திரையில் கரண்ட் போகும்போதெல்லாம் ஜெயக்கொடி முறத்தில் புளியோடு வந்து அலமாரி முன்னால் உட்கார்ந்து கொட்டை எடுத்தாள். காத்து நல்லா வருது என்றாள். தெருவில் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அது யார் மூச்சு என்பதில் அழகுபாண்டிக்குச் சந்தேகம் இல்லை. எம்.சி.ஏ. படித்தவன். பகலில் ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை, மிச்ச நேரமெல்லாம் பழைய கேசட். தொண்ணூறுகளில் டிவி கேமில் செருகி விளையாடிவிட்டு ஜனங்கள் மறந்துபோனவற்றை ஊர் ஊராகத் தேடி வாங்கி, மேலே ஒட்டிய படம் கிழியாமல் இருக்கிறதா, அடியில் பின்கள் கறுக்காமல் இருக்கின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பார்த்து, விலை போட்டு இணையத்தில் விற்பான். அவன் விளையாடியதில்லை. விளையாடினால் விலை குறையும். பவதாரிணி வாயில் ஒரு சூடமிட்டாயை அடக்கிக்கொண்டு விளையாடுவாள். ஓடாத கேசட்டைக் கழற்றி, அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் செய்ததுபோல, அடிவாயில் உஃப் என்று ஊதி மறுபடி செருகுவாள். வாய் ஈரம் பட்டால் பின் துருப்பிடிக்கும், துருப்பிடித்தால் பாதி விலைதான். "ஊதாத புள்ள, எம்புட்டுத் தடவ சொல்றது" என்பான். "ஊதலைன்னா ஓடாது மாமா. நீங்க ஒரு தடவையாச்சும் ஊதிப் பாத்திருக்கீங்களா?" "ஒரு ஊதலுக்கு ஐநூறு ரூவா போகுது." "அப்ப இன்னைக்கு மட்டும் ரெண்டாயிரத்துக்கு ஊதிருக்கேன்" என்று சிரிப்பாள். அவள் வேலைக்குப் போனதும் அவன் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைப்பான். அவன் துடைக்கத் துடைக்க அவள் ஊதினாள். ஏழு வருஷத்தில் அவர்கள் போட்ட சண்டையில் முக்கால்வாசி இதுதான்.

மிச்சம் கால்வாசி, நூற்றுப் பதினேழாவது பெட்டியைப் பற்றியது. அலங்காநல்லூர்ப் பக்கம் முத்திருளன் என்பவரின் காளை ஒரு வருஷம் பிடிபடாமல் ஓடியதற்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர் பரிசாகக் கொடுத்த ஜப்பான் கேசட் அது. முத்திருளன் வீட்டில் அப்போது டிவி இல்லை. காளைக்குப் போட்ட மாலையோடு பெட்டியையும் பரணில் வைத்தவர், பிறகு டிவி வந்தபோது இதை மறந்துவிட்டார். இருபது வருஷத்துக்கு மேல் அதன் கண்ணாடித்தாள் பிரியவில்லை. அழகுபாண்டி ஒரு டேபிள் ஃபேன் வாங்கிக் கொடுத்து அதை எடுத்துவந்தான். அதற்கு மூன்று லட்சத்து நாற்பதாயிரம் போகும் என்பது அவன் மதிப்பு. நாகமலை புதுக்கோட்டைக்கு அந்தாண்டை இரண்டரை சென்ட் மனை ஒன்று விலைக்கு வந்தபோது, இதை விற்று அதை வாங்கலாம் என்றாள் பவதாரிணி. இன்னும் இரண்டு வருஷம் போனால் விலை ரெட்டிக்கும் என்றான் அவன். "பெட்டிக்குள்ள போயி குடியிருக்க முடியுமா மாமா?" என்று கேட்டாள். அவன் பெட்டியைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினான். சாவியை அவளிடமே கொடுத்தான். மனையை வேறு யாரோ வாங்கி, சுற்றிலும் கல் ஊன்றினார்கள். இரண்டு வருஷம் முடிய நாலு மாதம் இருக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பன்னிரண்டு நாள்.

ஆடியில் அவன் எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஓசூருக்கு வேலைக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தான். அந்த மூச்சுக்கு நடுவே தூக்கம் வரவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லவில்லை. விற்பதற்கு முன்னால் துடைப்பது தொழில் வழக்கம். முதல் கேசட்டின் பின்களில் ஸ்பிரிட் பட்டதும் அதன் மூச்சு நின்றது. அவன் சற்று நேரம் அதைக் கையில் வைத்திருந்தான். பிறகு, கை பழகிய வேகத்தில், இரண்டாவதை எடுத்தான். ஒன்பது நாளில் நூற்றுப் பதினாறும் சுத்தமாயின. "பின் சுத்தம், மூச்சு இல்லை" என்று விளம்பரம் போட்டான். எல்லாம் நல்ல விலைக்குப் போயின. கடைசிப் பார்சலை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தபோது பீரோவுக்குள்ளிருந்து சின்னதாக ஒரு மூச்சு கேட்டது. தன்னுடையதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

பெட்டியை வாங்கச் சென்னையிலிருந்து சித்தார்த் என்ற வியாபாரி வந்தான். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, பெட்டியைக் காதோரம் வைத்துக் கேட்டான். "ப்ரோ, இது மூச்சு விடுது."

"வாய்ப்பில்ல. சீல் பிரிக்காத பெட்டி."

"நான் பாக்காத சரக்கா? ஈரோட்டுல ஒரு கேசட் இருமும். அதையே நான்தான் வாங்கினேன்." லென்ஸை எடுத்து ஓரமாகப் பார்த்தவன் சிரித்துவிட்டான். "தாளுக்கு உள்ள ஜிகினா இருக்கு ப்ரோ. ஜப்பான்காரன் என்ன, சீர்வரிசைத் தட்டா அனுப்பினான்?"

பவதாரிணி வேலை பார்த்தது சீர்வரிசைத் தட்டு அலங்கரிக்கும் கடையில். மஞ்சள், பழம், பட்டுச்சேலை எல்லாவற்றுக்கும் கண்ணாடித்தாள் சுற்றி, சூடுகாற்று அடித்துச் சுருக்கம் இல்லாமல் இறுக்குவாள். திருமங்கலம் வரை அவள் கைக்குப் பேர் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவத்தில்கூட ஜிகினா இருக்கும்.

சித்தார்த் ஆறாயிரம் என்றான். பிறகு இரக்கப்பட்டு, "ஒண்ணு பண்ணலாம். நீங்களே பிரிச்சு, ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு மூச்ச நிறுத்திருங்க. திரும்ப சீல் பண்றத நான் பாத்துக்கறேன். ஒன்னரை லட்சம். வாங்கறவனுக்குத் தெரியாது" என்றான். அழகுபாண்டி பஞ்சுக்குச்சியை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்தான், தாளைக் கிழித்தான், கேசட்டை வெளியே எடுத்தான். குச்சி பின்னுக்கு ஒரு விரல் தூரத்தில் இருக்கும்போது அவன் கையில் சூடமிட்டாய் வாசத்தோடு சூடான காற்று பட்டது.

"நீங்க கிளம்புங்க" என்றான்.

"ரெண்டு லட்சம் ப்ரோ."

"பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டாந்து விடவா?"

சித்தார்த் நடந்தே போனான்.

கேசட் ஓடவில்லை. மூன்று முறை செருகிப் பார்த்தான். பிறகு கழற்றி, முப்பத்திமூன்று வயதில் முதல் தடவையாக, அடிவாயில் ஊதினான். ஓடியது. இரண்டு பேர் சேர்ந்து விளையாடும் கேம் அது. நீலச்சட்டை போட்ட ஆளும் மஞ்சள்சட்டை போட்ட ஆளும் ஒரு கோட்டைக்குள் போக வேண்டும். வாசலில் ஒரு கல்கதவு. ஆளுக்கொரு பக்கம் நின்று ஒரே நேரத்தில் தூக்கினால்தான் திறக்கும். கேசட்டுக்குள் இருந்த சின்ன பேட்டரி விளையாடினவர்களின் பேரைக் காப்பாற்றி வைத்திருந்தது. நீல ஆளுக்கு BAVA, மஞ்சள் ஆளுக்கு ALAGU. முயற்சி நாற்பத்தொன்று, திறந்தது பூஜ்யம். BAVA கதவின் இடது பக்கம் நின்றுகொண்டிருந்தாள். ALAGU ஆரம்பித்த இடத்திலிருந்து ஒரு அடிகூட நகரவில்லை. அவன் மஞ்சள் ஆளை நடத்திப் போய் வலது பக்கம் நிறுத்தினான். பிறகு, கைக்கு ஒன்றாக இரண்டு கண்ட்ரோலரையும் பிடித்து, ஒரே நேரத்தில் அமுக்கினான். கதவு திறந்தது. உள்ளே இன்னொரு கதவு இருந்தது.

அவன் ஓசூர் போகவில்லை. கேசட் இப்போது டிவி பக்கத்தில், பெட்டி இல்லாமல், மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறது. ஒண்ணுதானே, காத்துப் பத்தல என்று ஜெயக்கொடி புளியை மாடிக்கே கொண்டுபோய்விட்டாள். முதல் மூன்று பின்களில் பச்சை பிடித்திருக்கிறது. துடைத்தால் துரு போகும், மூச்சும் போகும். துடைக்காவிட்டால் அந்த மூச்சே பின்களைத் தின்றுவிடும். நாலு வருஷம், அதிகம் போனால் ஐந்து என்று அவன் மதிப்புப் போட்டிருக்கிறான். அவன் மதிப்பு பெரும்பாலும் தப்பியதில்லை. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் கேசட்டைக் கழற்றி ஒரு தடவை ஊதுகிறான். ஒரு ஊதலுக்கு ஒரு வாரம் குறையும். ஊதாவிட்டால் ஓடாது.