இடது முழங்கால் பற்றி இரண்டு வரி

அந்த நாளிதழில் மகளிர் ஹாக்கி லீக்கைப் பற்றி எழுதுபவள் அவள் ஒருத்திதான். எப்போதும் எதையாவது கிறுக்கிக்கொண்டே இருப்பதால் வீட்டில் அவளுக்குப் பேனா என்று பெயர். அதே வீட்டில் இருந்த அவளுடைய அண்ணி துறைமுக அணியின் கோல்கீப்பர். பகலில் துறைமுக எடைமேடையில் லாரிகளுக்குச் சீட்டுப் போடும் வேலை.

லீக்கில் ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. அரையிறுதிக்கு மூன்று அணிகள் போய்விட்டன. நாலாவது இடத்துக்குத் துறைமுகமும் ரயில்வேயும் சம புள்ளிகளோடு முட்டிக்கொண்டு நின்றன. சனிக்கிழமை மாலை இரண்டும் நேருக்கு நேர். சமனில் முடிந்தால் அதிக கோல் போட்டிருந்த ரயில்வே உள்ளே போய்விடும். துறைமுகம் ஜெயித்தே ஆக வேண்டும்.

பேனா முன்னோட்டம் எழுதினாள். யார் ஜெயிப்பார்கள் என்ற கடைசிப் பத்தியை மட்டும் விட்டுவிட்டாள். விளையாட்டுப் பக்கத்தைப் பார்க்கும் ஆசிரியர் ஏன் என்று கேட்டார். அண்ணிக்கு இடது முழங்கால் வீங்கியிருக்கிறது, அந்தப் பக்கம் சட்டென்று சாய முடியவில்லை, வீட்டில் தெரிந்ததை எழுதவும் முடியாது, மறைத்துவைத்துக் கணிப்புச் சொல்லவும் மனசு வரவில்லை என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் பக்கத்தை வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை அண்ணி சமையலறையில் நின்றபடியே பேப்பரைப் படித்தாள். பேனாவின் பெயருக்குக் கீழே, பேனா எழுதாத இரண்டு வரி: துறைமுக கோல்கீப்பரின் இடது முழங்கால் பழுது, ரயில்வே அந்தப் பக்கம் அடித்தால் வேலை சுலபம்.

"இதை நான் எழுதல அண்ணி," என்றாள் பேனா.

"நீ எழுதலன்னு தெரியும். ஆனா சொன்னது யாரு?"

அண்ணி கால்களில் கட்டும் பேடுகளை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். அண்ணன் தங்கையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுக்கப் போனான்.

பேனா நேரே அலுவலகத்துக்குப் போனாள். ஆசிரியர் இட்லி சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு, இத்தனை பேர் படித்த முன்னோட்டம் இந்த வருஷமே இல்லை என்று பெருமையாகச் சொன்னார். பொய்யா எழுதிவிட்டோம் என்றும் கேட்டார்.

"உண்மைதான் சார். ஆனா அது என் வீட்டு விஷயம். உங்களை நம்பிச் சொன்னேன். அதை என் பேர்லயே போட்டுட்டீங்களே."

உணர்ச்சிவசப்படாமல் போய் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வா என்றார் அவர்.

ரயில்வேக்கு மூன்று பெனால்டி கார்னர் கிடைத்தன. மூன்றையும் அண்ணியின் இடது பக்கமே அடித்தார்கள். முதலாவதைக் காலாலும், இரண்டாவதை விழுந்து மட்டையாலும் தடுத்தாள். எழுந்திருக்க அவளுக்கு நேரமானது. ஆட்டம் முடிய எட்டு நிமிஷம் இருக்கும்போது மூன்றாவது உள்ளே போய்விட்டது. துறைமுகம் கடைசிவரை முட்டிப் பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை. பேப்பரைப் பார்த்துத்தான் திட்டம் போட்டோம் என்று ரயில்வே கேப்டன் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். அவள்மேல் பேனாவுக்குக் கோபம் வரவில்லை.

'நம் கணிப்பு பலித்தது' என்று தலைப்புப் போடச் சொல்லி ஆசிரியர் போன் செய்தார். பேனா கோலையும் நேரத்தையும் மட்டும் எழுதி அனுப்பினாள். பிறகு நாளிதழின் தலைமை ஆசிரியரின் அறைக்குப் போய், நடந்ததை ஒரு தாளில் எழுதி மேஜைமேல் வைத்தாள். அந்த அம்மாள் இரண்டு தடவை படித்தார். திருத்தம் போட்டால் நீ உளறியதும் அதில் வருமே, பரவாயில்லையா என்று கேட்டார். வரட்டும் என்றாள் பேனா.

திங்கட்கிழமை நாலு வரியில் வருத்தம் வெளியானது. வீட்டில் அறிந்ததை நிருபர் அலுவலகத்தில் பகிர்ந்ததும், அவர் அனுமதியில்லாமல் அது அச்சானதும் தவறு என்று இருந்தது. அன்றே அவளை ஹாக்கியிலிருந்து நீச்சல் போட்டிகளுக்கு மாற்றிவிட்டார்கள்.

அண்ணி வேலை முடிந்து வந்து, காலை நீட்டி ஐஸ் பையை வைத்துக்கொண்டாள்.

"படிச்சேன். உன் தப்பையும் சேர்த்தே போட்டிருக்க."

"ஆமா அண்ணி."

"நல்லது. ஆனா இனிமே என் உடம்பைப் பத்தி உன்கிட்ட எதுவும் சொல்ல மாட்டேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அது தனக்கு வேண்டியதுதான் என்று பேனாவுக்குத் தோன்றியது. ஆனால் விளையாட்டு ஆசிரியருக்கு மட்டும் அதற்குப் பிறகு ஒரு நாளும் அவள் வணக்கம் சொல்லவில்லை.