காற்று திரும்பிய சரிவு

விடியும்போதே சரிவில் புல்வெட்டும் இயந்திரங்கள் இரைந்தன. இடுப்பளவு காய்ந்த புல். தூசி தொண்டையில் அப்பியது. அதிர்வு தோள் வழியே பல்வரை ஏறியது. முன்பு தோட்டமாக இருந்த நிலம். விலை ஏறட்டும் என்று முதலாளி தரிசாகப் போட்டுவிட்டார். கீழே பழைய துறைமுக ஊர்: சுவரோடு சுவர் ஒட்டிய மர வீடுகள், வெளியேற ஒரே சாலை, அப்புறம் கடல்.

போன கோடையில் இந்தப் புல்லில் பிடித்த தீ, மலைக்காற்றோடு இறங்கி ஊரில் பாதியைத் தின்றது. அது நடந்து வரவில்லை, பறந்து வந்தது. கங்குகள் தெருக்களைத் தாண்டிக் கூரைகளில் விழுந்தன. எரிந்த வீடுகளில் குழாய்கள் வெடித்துத் தண்ணீர் வீணாய்ப் போக, அணைக்க வந்தவர்களின் குழாயில் வெறும் காற்றுதான் வந்தது. இப்போது இங்கே புல் வெட்டுகிறவர்களில் ஒருவனான நெட்டையன், அன்று அம்மாவைச் சுமந்துகொண்டு கடலில் இறங்கிப் பிழைத்தான். அவன் அண்ணன் சாலை நெரிசலில், வண்டிக்குள்ளேயே கருகிப் போனான்.

அதன்பிறகுதான் முதலாளிக்குப் புல்வெட்டும் நினைப்பே வந்தது. அதுவும் தேவையானதில் பாதி ஆட்களை வைத்து.

வெயில் ஏறியதும் காற்று திரும்பியது, மலையிலிருந்து கடலைப் பார்த்து. நெட்டையனின் இயந்திரத் தகடு கல்லில் பட்டுப் பொறி தெறித்தது. புல் குப்பென்று பற்றியது. அவன் பதறி மிதித்தான். பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த சிட்டு தன் குடிதண்ணீரைக் கவிழ்த்தாள். தீ அடங்கியது. யாரும் சொல்லாமலே எல்லா இயந்திரங்களும் ஓய்ந்தன.

முதலாளி காரிலிருந்து இறங்கினார். “ஏன் நிறுத்திட்டீங்க?”

“காத்து திரும்பிடுச்சு. இன்னிக்கு மிஷின் ஓட்ட மாட்டோம்” என்றான் நெட்டையன்.

“காத்தப் பத்தி எனக்குத் தெரியாதா? புல்ல வெட்டியாச்சான்னு பாக்க நாளைக்கு அதிகாரிங்க வர்றாங்க. பாத்து வெட்டுங்க.”

“பாத்துத்தான் வெட்டினோம். கல்லு எங்களப் பாக்கலியே” என்றாள் சிட்டு.

சிரிப்பு எழுந்தது. முதலாளியின் முகம் இறுகியது. “இஷ்டமில்லேன்னா கிளம்புங்க. வேற ஆளு கூட்டிட்டு வர்றேன்.”

நெட்டையன் இயந்திரத்தைக் கீழே வைத்தான். “கூட்டிட்டு வாங்க. எங்கண்ணன சாம்பலா அள்ளித்தான் எடுத்தோம். காத்து அடங்கற வரைக்கும் நாங்களும் வெட்ட மாட்டோம், யாரையும் வெட்ட விடவும் மாட்டோம்.”

இயந்திரங்களைக் குவித்து, சுற்றி உட்கார்ந்தார்கள். எவனாவது எழுந்து போய்விடுவானோ என்று ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழவில்லை.

மத்தியானம் புது ஆட்களோடு லாரி வந்தது. முதலில் குதித்தவன் காற்றில் படுத்துப் படுத்து எழும் புல்லைப் பார்த்தான், கீழே கரிந்து நின்ற தெருக்களைப் பார்த்தான்.

“இதுல எப்படிய்யா வெட்டறது?” என்று முணுமுணுத்து, நெட்டையன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். மற்றவர்கள் லாரியிலிருந்து இறங்கவே இல்லை.

“எல்லாரையும் ஒழிச்சுக் கட்டறேன்!” முதலாளி போனில் யாரையோ கத்திக் கூப்பிட்டார்.

அப்போது ஊர்ப்பக்கமிருந்து பெண்கள் ஏறி வந்தார்கள். அதே முதலாளியின் விடுதியில் சலவை செய்பவர்கள். முன்னால் நெட்டையனின் அண்ணி, தலையில் தண்ணீர்க் குடம், தோளில் நனைத்த போர்வைகள்.

“அண்ணி, உங்க வேலையும் போயிடும்” என்றான் அவன்.

“போனாப் போவுது. இங்க பிடிச்சா நேரா எங்க தெருவுக்குத்தான் வரும். நகந்து உக்காரு, எங்களுக்கும் எடம் வேணும்.”

காற்று இன்னும் அடங்கவில்லை. அவர்கள் நெருங்கி உட்கார்ந்தார்கள்.