ஆர்லோவின் கடைசி டப்பா

கறுப்பு உடுப்போடு கார் கொட்டகையில் மண்டிபோட்டு, அலமாரியின் அடித்தட்டைத் துழாவிக்கொண்டிருந்தாள் வெர்னா. புருஷன் ஆர்லோவின் அடக்கத்துக்கு சர்ச்சுக்குக் கிளம்ப அரை மணிதான் இருந்தது. அவர் கடைசியாகச் செய்து வைத்த தோட்டா டப்பாவைக் காணவில்லை.

மேசைமேல், தோட்டாக் கூடு தேய்க்கும் டிரம் ஓய்ந்து கிடந்தது. செவ்வாய்க்கிழமை ஆர்லோ அதன் பக்கத்தில் சரிந்து விழுந்தபோது அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை மக்காச்சோளச் சக்கைத் தூளோடு அதில் போட்டு உருட்டினால் கரி போய்ப் பளபளக்கும். அப்புறம் அடியில் பொறி தட்டும் புது கேப், உள்ளே வெடிமருந்து, மேலே குண்டு போட்டால் மறுபடி தோட்டா. கடைத்தோட்டா வாங்குகிறவர்களைக் கண்டாலே ஆர்லோவுக்கு இளக்காரம்.

மகன் ட்ராய் எட்டிப் பார்த்தான்.

"என்னம்மா தேடுற?"

"அப்பா டப்பாவ."

"அது என் வண்டிலதான இருக்கு! போன ஞாயித்துக்கிழமை அவரே சீட்டுக்கடியில வச்சுட்டாரு. வேட்டை சீசன் தொடங்குற அன்னிக்குத்தான் தொடணும்னு உத்தரவு. நாளைக்கு முதல் எல்க் மான் அப்பா தோட்டாலதான்."

 ஒரு வருஷமாக ஆர்லோவுக்கு ஞாபகம் சரியில்லை. காப்பியில் உப்பைப் போட்டார். தபால் பெட்டிக்குப் போனவர் பக்கத்துப் பண்ணையில் போய் நின்றார். ஒரே கூட்டில் மறந்துபோய் இரண்டு தடவை மருந்தைக் கொட்டினால் போதும், துப்பாக்கி முகத்திலேயே வெடித்துவிடும். பக்கத்துப் பண்ணை கஸ்ஸுக்கு இடது கண் அப்படித்தான் போனது. "பையன்கிட்ட மூச்சு விடாதே" என்று ஆர்லோ அவள் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். அவளும் சத்தியம் செய்திருந்தாள்.

"இந்தத் தடவ கடையில வாங்கிக்கோயேன்டா."

"இன்னிக்குப் போயி இந்தப் பேச்சா? சவப்பெட்டியத் தெறந்து எந்திரிச்சு வந்து அடிப்பாரும்மா!"

பாதிரியார் பேசியதில் ஒரு வார்த்தைகூட அவள் காதில் ஏறவில்லை. குழியில் மண் விழுந்தபோதும் நினைப்பெல்லாம் அந்த வண்டிச் சீட்டுக்கு அடியில்தான். சர்ச்சின் நிலவறைக் கூடத்தில் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கும் பரிமாறினார்கள். கஸ் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பழைய மருந்தையெல்லாம் ஏப்ரல்லயே என் தலையில கட்டிட்டான் உன் வீட்டுக்காரன். புது ரகம் வாங்கப் போறேன்னான். என்ன வாங்கினான்?"

புது மருந்தா? அப்படியென்றால் கூட்டில் கொட்டும் அளவும் புதிது.  வெர்னா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, மகனை வண்டி நிறுத்தும் இடத்துக்கு இழுத்துப் போனாள்.

"அந்தத் தோட்டாவச் சுடாதடா. உங்கப்பாவுக்கு ஒரு வருஷமா ஞாபகம் சரியில்ல. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"ஒரு வருஷமாவா?" ட்ராயின் முகம் சிவந்தது. "ஏன்மா ரெண்டு பேரும் மறைச்சீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் குனிந்து சீட்டுக்கடியில் கையை விட்டான். கனத்துக்குத் தயாராக இழுத்த கை டப்பாவோடு சட்டென்று லேசாக மேலே வந்துவிட்டது. அம்மாவைப் பார்த்தான். சுற்றியிருந்த டேப்பைப் பிய்த்தான்.

உள்ளே இருபது கூடுகள் தங்கமாய்த் துலங்கின. குண்டு இல்லை, மருந்து இல்லை, கேப் கூட இல்லை.

"போட மறந்துட்டாரா?" என்றான். 

"மறக்கலடா. மருந்தத்தான் ஏப்ரல்லயே கஸ்கிட்ட குடுத்துட்டாரே. புதுசா வாங்கவும் இல்ல, தன் கைய அவரே நம்பல."

கோடை முழுக்க டிரம் ஓடியது, ஒரே கூடுகளோடு. போட்டதையே மறந்து மறுபடி போடுகிறார் என்று அவள் நினைத்திருந்தாள். "ஒரே பித்தளைய எத்தன தடவ குளிப்பாட்டுவே ஆர்லோ?" என்று சீண்டியும் இருக்கிறாள். அவர் சிரித்தார். இப்போது நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ட்ராய் டப்பாவை வண்டியின் பானெட் மேல் வைத்தான்.

"காலைல போற வழியில கடையில வாங்கிக்கறேம்மா."

சக்கைத் தூளில் ஒரு பொடி, கேப்பின் பொறி பாயும் அடித்துளையில் சிக்கினாலும் தோட்டா வெடிக்காமல் சதி செய்துவிடும் என்பார் ஆர்லோ. ஒவ்வொரு கூட்டையும் கண்ணருகே பிடித்துப் பார்ப்பார். வெர்னா முதல் கூட்டை எடுத்து வானத்துக்கு நேராகப் பிடித்தாள். அடித்துளை வழியே ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது. அதை டப்பாவில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். ட்ராய் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான்.

இருபதாவதிலும் வெளிச்சம் தெரிந்தது.