மாப்பிள்ளை வைத்த பெட்டகம்

"அம்மா, அவர்கிட்ட மட்டும் சொல்லிடாத."

"என்னத்தச் சொல்லப்போறேன்? கம்ப்யூட்டர் நடுநடுவுல செத்துப்போகுதுன்னுதானே?"

"அதான் வேண்டாங்கறேன். அத வச்சுக் குடுத்ததே அவர்தானே. ஆபீஸ்ல அவருக்கு வரவேண்டிய பதவிய வேற யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டாங்க. நம்ம வீட்டுலதான் அவர் பேச்சுக்கு எல்லாரும் தலையாட்டறீங்க. அதையும் கெடுத்துடாதம்மா."

மகள் போனில் இப்படிச் சொல்லி மாதக்கணக்காகிவிட்டது. மாமியார் என்றால் மருமகனை ஆட்டிவைப்பவள் என்று ஊரில் பேர். இந்த மாமியாரோ அன்றிலிருந்து வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டார்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு, பிள்ளைகளின் அறிவியல் புத்தகங்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரையக் கற்றுக்கொண்டவர் அவர். தவளையின் குடல், முளைக்கும் விதை, எறும்புப் புற்றின் உட்புறம் என்று இங்கொன்றும் அங்கொன்றுமாக வரைந்து வந்தவரை நம்பி இப்போதுதான் ஒரு முழுப் புத்தகம் வந்திருந்தது. அட்டையில் பெயரும் போடுவார்கள். கம்ப்யூட்டர் மனது வைக்க வேண்டுமே! படத்தைச் சேமிக்கலாம் என்று கைவைத்தால் போதும், திரை பிரமை பிடித்தது போல் நின்றுவிடும். மவுஸ் அசையாது. தவளை பாதி வயிற்றோடு மல்லாந்து கிடக்கும். அது தெளிவதற்குள் பாலைக் காய்ச்சி, ஆற்றி, குடித்தே முடித்துவிடலாம். சில நாள் தெளியவே தெளியாது. வரைந்ததெல்லாம் போச்சு.

மாமனார் சும்மா இருக்கவில்லை. தூசு தட்ட ஆள் வந்தான். அடியில் விசிறி வைத்தார். காற்று போதவில்லை என்று மேஜை ஜன்னலோரம் போனது, வெயில் படுகிறது என்று திரும்பி வந்தது. கடைசியில் புதுக் கம்ப்யூட்டரே வந்தது. மாப்பிள்ளை நேரில் வந்து பழையதில் இருந்த ஏற்பாடுகளை அச்சுப் பிசகாமல் புதியதிலும் ஏற்றிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே புதியதும் விறைத்தது.

"வாங்கின நேரம் சரியில்ல," என்றார் மாமனார். மாப்பிள்ளை கைவைத்ததில் குற்றம் இருக்கலாம் என்ற எண்ணம் அவர் தலைக்குள் நுழையவில்லை. நுழையப் பார்த்திருந்தாலும் வாசலிலேயே நிறுத்தி, தப்பான வீடு என்று அனுப்பியிருப்பார்.

உண்மையை வெளியே கொண்டுவந்தவர்கள் தெருவில் குழி தோண்டியவர்கள். அவர்கள் மண்வெட்டி பட்டு இன்டர்நெட் வயர் அறுந்தது. வீடே கையொடிந்து உட்கார்ந்திருக்க, மாமியாரின் கம்ப்யூட்டர் மட்டும் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டியாகத் துள்ளி ஓடியது. ஒரே பகலில் நான்கு படங்கள்! வயரை ஒட்டியதும் கன்றுக்குட்டி மறுபடி படுத்துக்கொண்டது.

சந்தேகம் வந்து போனில் தேடித் தேடிப் படித்தார். திரையின் ஓரத்தில் சிவப்புக் குறியோடு நின்ற 'குடும்பப் பெட்டகம்' அப்போதுதான் கண்ணில் பட்டது. எல்லோருடைய கோப்புகளும் ஒரே இடத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று மாப்பிள்ளை மாடிப்படிக்கு அடியில் வைத்த பெட்டி அது. பிறகொரு நாள், பாதுகாப்பு என்று சொல்லி, வீட்டு நெட்வொர்க்கின் முகவரிகளையெல்லாம் அவரே மாற்றினார். பெட்டகம் புது முகவரிக்குக் குடிபோய்விட்டது. மாமியாரின் கம்ப்யூட்டருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. பாவம், அது ஒவ்வொரு முறையும் பழைய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, யாராவது திறப்பார்கள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வயர் அறுந்திருந்தபோதுதான் தட்டப் போக வழியில்லாமல் தன் வேலையைப் பார்த்தது.

அந்த இணைப்பைக் கழற்றிவிட்டால் தீர்ந்தது. கழற்றப் போனால் பாஸ்வேர்ட் கேட்டது. பாஸ்வேர்ட் மாப்பிள்ளையிடம் இருந்தது.

வேறு வழியில்லாமல் மாமியார் சொந்த வீட்டிலேயே திருடியானார். வயரைப் பிடுங்கிவிட்டு வரைவார், காலடி கேட்டால் சொருகுவார். இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை, போன் வந்துவிட்டது.

"அத்தை, உங்க வயர் அடிக்கடி கழண்டுக்குதே? இங்க என் போன்ல காட்டுது. எலி ஏதும் இருக்கா?"

"எலிதான் மாப்பிள்ளை."

மறுநாள் மாமனார் எலிப்பொறி வாங்கி வந்தார்.

எப்படியோ படங்கள் முடிந்தன. ஆனால் வயர் இல்லாமல் வரையலாம், அனுப்ப முடியாதே! வயரைச் சொருகி, அனுப்ப வேண்டிய படத்தைத் தேடத் தொடங்கியதுமே திரை கல்லாகிவிடும். பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போகலாம் என்றால் அதையும் மாப்பிள்ளை பூட்டி வைத்திருந்தார், வைரஸ் வருமாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தபோது பதிப்பாளர் கூப்பிட்டார். "இன்னிக்குப் படம் வந்து சேரலேன்னா முந்தின பதிப்புல இருந்த பழைய படங்களையே போட்டுடுவேம்மா. அட்டையில உங்க பேரும் வராது. வருத்தப்படாதீங்க."

மாமியார் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். மாப்பிள்ளை அவர் நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோப்பைத் திறந்தார். திரை நின்றது.

"யோசிக்குது மாமா."

"யோசிக்கட்டும் மாப்பிள்ளை. என்ன அவசரம்?"

"அத்தை பத்து ஜன்னலத் திறந்து வச்சுக்கிட்டு வேலை பாக்கறாங்க. அதான்."

"நானும் அதத்தான் சொல்றேன். எங்க கேக்கறா?"

திறந்திருந்தது ஒரே ஒரு ஜன்னல். மகள் சமையலறை வாசலில் நின்று, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

மாப்பிள்ளை கைக்குட்டையால் திரையைத் துடைத்தார். மேஜைக்கு அடியில் குனிந்து, எலி கடித்த தடம் இருக்கிறதா என்று போன் வெளிச்சத்தில் தேடினார். நல்ல மனிதர். முழங்காலில் தூசி ஒட்டியதுகூடத் தெரியாமல் அத்தைக்காகத் தேடுகிறார். மாமனார் நின்ற இடத்திலேயே தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டலைப் பார்க்கப் பார்க்க மாமியாருக்கு ஒன்று உறைத்தது. ஆபீஸிலும் இப்படித்தான் இருந்திருக்கும். தப்பை ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முகத்துக்கு நேரே தலையாட்டிவிட்டு, பதவியை வேறு ஆளுக்குக் கொடுத்திருப்பார்கள்.

மாப்பிள்ளை எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "வேற ஏதாவது பண்ணணுமா அத்தை?"

"ஒண்ணும் வேண்டாம் மாப்பிள்ளை, எல்லாம் நல்லா…" என்று மாமனார் வழக்கம்போல் முந்திக்கொண்டார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் மாமியார். இன்னொரு நாற்காலியை இழுத்து மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் போட்டார்.

"உக்காருங்க மாப்பிள்ளை. தப்பு கம்ப்யூட்டர்ல இல்ல, நீங்க வச்ச பெட்டகத்துலதான். அத இப்பவே இதுலேருந்து கழட்டிவிடுங்க. எப்படிக் கழட்டறதுன்னு எனக்கும் காட்டிக் குடுங்க."