நாலு கதவு வண்டி

அளவு டேப்பின் கொக்கியை ஷோரூம் வாசலில் நின்ற சரக்கு வண்டித் தளத்தின் முன்தகட்டில் மாட்டிவிட்டு அவள் பின்பக்கமாக நடந்தாள். கைப்பேசி தோளுக்கும் காதுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது.

"ஏழடி. ஒரு விரல் கூடவே இருக்கு."

"உள்ளளவுதானே?" என்றார் கணவர். வீட்டில் படுக்கையிலிருந்து பேசிக்கொண்டிருந்தார்.

"உள்ளளவுதான்."

"ரெண்டு சக்கர மேட்டுக்கும் நடுவுல?"

குனிந்து அளந்தாள். "மூணே முக்கால்."

மறுமுனையில் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. எழுதிக்கொள்கிறார்போல என்று நினைத்தாள். பேனா பிடிக்கிற நிலைமையில் அவர் இல்லை என்பது அடுத்த நொடியே நினைவுக்கு வந்தது.

"கீழ இறங்கிக்கோ. தரையிலேர்ந்து தளம் எவ்வளவு உயரம்?"

"இருங்க, டேப்பைச் சுருட்டிட்டு இறங்கறேன்."

"டேப் வேணாம். உனக்கு எங்க வருதுன்னு சொல்லு. இடுப்புக்கா, நெஞ்சுக்கா?"

வண்டியை ஒட்டி நின்று பார்த்தாள். "இடுப்புக்கு."

"அப்ப அதுதான் வண்டி. வேற எதையும் பாக்காத. நேரா போய்ச் சொல்லிட்டு வா."

இருபத்திரண்டு வருஷமாக இரண்டு பேரும் சேர்ந்துதான் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் பழுது பார்க்கிறார்கள். அவருக்கு ஊரில் ஐஸ்காரர் என்று பெயர். வாஷிங் மெஷின் வேலை பூராவும் அவளுடையது என்றாலும் அவள் ஐஸ்காரர் வீட்டம்மாதான். கோடையில் பழைய வண்டியின் தளம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. அதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு வயிறு வீங்க ஆரம்பித்தது. போன மாதம் டாக்டர், அவளையும் கொழுந்தனையும் மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். அவர் என்ன சொன்னார் என்று அவள் கணவரிடம் சொல்லவில்லை. கணவரும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு பேரும் வண்டியைப் பற்றிப் பேசினார்கள். காலையில் எழுந்தால் வண்டி, மருந்து கொடுக்கும்போது வண்டி.

பேச்சு எப்போதும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்ளும். முன்னால் இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்ன வண்டி போதும் என்பார் அவர். பின்சீட்டு வைத்த நாலு கதவு வண்டிதான் வேண்டும் என்பாள் அவள்.

"அதுல பின்னாடி தளம் அஞ்சடிதான்மா. பாதி இடத்தைச் சீட்டே தின்னுடும். நம்ம தெரு முனையில திரும்பவும் திரும்பாது."

"திருப்பறது என் பாடு."

"எதுக்கு நமக்குப் பின்சீட்டு? யாரு உக்காரப் போறா?"

அதற்கு மட்டும் அவள் பதில் சொன்னதில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை வயிற்றில் கட்டிய நீரை எடுக்க ஆட்டோவில் கூட்டிப்போகிறாள். ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடிப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

நாலு கதவு வண்டி ஷோரூமுக்குள் கண்ணாடி ஓரமாக நின்றது. பேச்சு முடிந்ததும் நேராக அங்கேதான் போனாள். விற்பனைக்காரர் தலை நரைத்த, நிதானமான மனிதர். அவர் கதவைத் திறந்துவிட்டார். அவள் செருப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஏறிப் பின்சீட்டில் படுத்தாள்.

"மேடம்?"

"ஒரு நிமிஷம் சார்."

கால் கதவில் இடித்தது. முழங்காலை மடக்கிப் பார்த்தாள். தலைமாட்டில் ஒரு தலையணை வைத்தால் அவர் ஒருக்களித்துப் படுக்கலாம். எழுந்து உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"இதையே எழுதிக்குங்க."

"சார் காலையில ஃபோன்ல சின்னதைத்தானே..."

"நான்தானே ஓட்டப் போறேன்? இதையே எழுதுங்க."

பேருந்தில் ஒரு மணி நேரம் வந்தாள். வீட்டில் கொழுந்தன் அண்ணனுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். கைப்பேசி அவர் மார்பின்மேல் கிடந்தது.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்."

"சின்னதுதானே?"

"சின்னதுதான்." அவள் ஜன்னல் திரையை இழுத்துவிடப் போனாள். வெயில் ஒன்றும் அவர்மேல் விழவில்லை.

"ரெண்டு கதவு."

"ரெண்டு கதவுதான். எத்தனை தடவை கேப்பீங்க?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டைக்குத்தான் வரப்போகிறார் என்று நினைத்தாள். சிரித்தார். பல நாளைக்கு அப்புறம் பல் தெரிகிற சிரிப்பு.

"அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு அதுலதான் வருவேன். அந்த ஆட்டோ நமக்கு வேணாம்."

"சரி."

"மெதுவா ஓட்டணும்."

"நான் என்னிக்கு வேகமா ஓட்டியிருக்கேன்? வாயை மூடிட்டுத் தூங்குங்க."

தூங்கினார். நாலு மணிக்கு மருந்து கொடுக்க எழுப்பினாள். தோளைத் தொட்டாள், கன்னத்தைத் தட்டினாள், பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை அவள் சொன்னதில்லை. கொழுந்தன் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் கையிலிருந்த மருந்தை மறுபடி புட்டிக்குள் ஊற்றி, மூடியைத் திருகி, அலமாரியில் வைத்தாள்.

ஆறு மணிக்குக் கண்ணாடிக் குளிர்பெட்டி வந்தது. கூடத்தில் வைத்து அவரை உள்ளே கிடத்தினார்கள். தெருவே வந்து நின்றது. எத்தனையோ வீட்டு ஃப்ரிட்ஜ்கள் அவர் கைபட்டவை. ஒவ்வொருவரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்கள். அவள் தலையை ஆட்டினாள். காதில் விழுந்ததெல்லாம் பெட்டியின் சத்தம்தான். கம்ப்ரஸர் ஓடும்போது அடியில் ஏதோ தட்டியது. நின்று, மறுபடி ஓடி, மறுபடி தட்டியது.

கடைசியில் எழுந்துபோய்ப் பெட்டியின் கால்மாட்டில் குந்தினாள்.

"அண்ணி, என்ன வேணும்? சொல்லுங்க, நான் எடுத்துத் தரேன்."

"சமமா வைக்கலை. இந்தக் காலு தரையில படலை, பாரு. ஒரு அட்டை கொண்டா."

"அவங்க ஆளைக் கூப்பிடறேன் அண்ணி."

"அட்டை கொண்டாடா."

அவன் பெட்டியின் மூலையைத் தூக்கிப் பிடித்தான். அவள் அட்டையை நாலாக மடித்துக் காலுக்கடியில் செருகி, உள்ளங்கையைப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தாள். அதிர்வு இல்லை. தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இவள் பெட்டியிலிருந்து கையை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை அவரை எடுத்துப் போகும்வரை யார் சொல்லியும் எழுந்து வரவில்லை.

ஒன்பதாவது நாள் கொழுந்தனோடு ஷோரூமுக்குப் போனாள். விற்பனைக்காரர் அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து நின்றார். சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் வந்தது.

"சார், நான் எழுதின வண்டியை மாத்தணும்," என்றாள். "சின்னது போதும். வீட்ல ஆள் குறைஞ்சிடுச்சு."

"மாத்தத் தேவையில்ல மேடம். உங்களுக்குச் சின்னது ஒண்ணு தனியா நிறுத்தி வெச்சிருக்கு."

அவள் புரியாமல் கொழுந்தனைப் பார்த்தாள். அவனுக்கும் தெரியவில்லை.

"அன்னிக்கு நீங்க கிளம்பின கொஞ்ச நேரத்துல சார் ஃபோன் பண்ணார். பேசவே சிரமப்பட்டார். 'எங்க வீட்டம்மா நாலு கதவுதானே எழுதிட்டு வர்றா?'ன்னு கேட்டார். என்னால பொய் சொல்ல முடியலை. ஆமான்னுட்டேன்."

"நான் கிளம்பினப்பவேவா?"

"ஆமா. ரத்து பண்ணிடவான்னு கேட்டேன். வேணாம்னார். 'அவ ஆசையா எழுதியிருக்கா, அது அப்படியே இருக்கட்டும். சின்னதுல ஒண்ணு எடுத்து வைங்க. பத்து நாள் பொறுங்க. அவளே வருவா'ன்னார்."

கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தான்.

"வேற ஏதாவது சொன்னாரா?" என்று அவள் கேட்டாள்.

விற்பனைக்காரர் கொஞ்சம் யோசித்தார். "நீங்க பின்சீட்டுல படுத்துப் பாத்ததைச் சொன்னேன் மேடம். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. கேட்டுக்கிட்டு, 'சரிங்க'ன்னு வெச்சிட்டார்."

அவள் டம்ளரை எடுத்தாள். குடிக்காமல் திரும்ப வைத்தாள். எழுந்தாள்.

"எங்க நிக்குது?"

அடுத்த வாரம் சின்ன வண்டியை எடுத்தாள். முதல் நாள் கொழுந்தன் கூடவே வந்தான். மறுநாள் அவன் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. காலையிலேயே ஒருத்தர் கூப்பிட்டிருந்தார். வாஷிங் மெஷின் தண்ணீர் இறக்கவில்லை, துணியெல்லாம் உள்ளே ஊறிக்கொண்டிருக்கிறது என்று அவசரப்படுத்தினார். அவள் டூல் பாக்ஸை இரண்டு கையாலும் தூக்கிவந்து பக்கத்துச் சீட்டில் வைத்தாள். ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி, வண்டியைக் கிளப்பினாள்.

பத்தடி போவதற்குள் மணி அடிக்க ஆரம்பித்தது. பிரேக்கைப் பார்த்தாள். கதவைத் திறந்து மறுபடி அறைந்து சாத்தினாள். மணி நிற்கவில்லை. முன்னால் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கியது. பெல்ட் போடாத ஆளின் படம். அவள் பெல்ட் போட்டுத்தான் இருந்தாள். அப்புறம்தான் புரிந்தது. பக்கத்துச் சீட்டில் ஆள் இருப்பதாக வண்டி நினைத்துக்கொண்டிருக்கிறது.

டூல் பாக்ஸைத் தூக்கிக் காலடியில் வைத்திருக்கலாம். வண்டியை ஓரமாக நிறுத்தினாள். சாய்ந்து, அந்தப் பக்கத்துப் பெல்ட்டை மெதுவாக இழுத்து, டூல் பாக்ஸின் குறுக்கே கொண்டுவந்து மாட்டினாள். மணி நின்றது. பெல்ட் எங்கேயும் முறுக்கிக்கொள்ளாமல் விரலால் நீவிவிட்டாள். பிறகு கியரைப் போட்டு, தெரு முனையில் மெதுவாகத் திரும்பினாள்.